கப்பல் திரும்ப வேண்டும்

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிகளுக்குக் கப்பல் கூலியின் அருமை தெரியும். சரக்கை இறக்கியதும் கப்பலையே மூழ்கடித்துவிட்டால் கூலி என்னவாகும்? ராக்கெட்டில் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

அதே கொச்சி வட்டாரத்தில், ஆலுவாவில், 'இஸ்ரோ'வின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருக்கிறது. திட எரிபொருள் எரியத் தேவையான ஆக்ஸிஜனைத் தரும் வெள்ளைத் தூள் இது. இதன் தயாரிப்பு சாதாரண உப்புக் கரைசலில் தொடங்குகிறது. பொதுவாக ராக்கெட்டில் எரிபொருளின் விலை சிறு பங்குதான். பணத்தை விழுங்குவது, ஒரே பயணத்தோடு கடலில் விழும் எஞ்சினும் உடலும்.

2023 பிப்ரவரியில் முதல் வெற்றி கண்ட எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கிய அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்குபவை. 500 கிலோ வரை சுமக்கும். சில நாட்களில் பூட்டித் தயாராக்கிவிடலாம். ஆனால் போனது போனதுதான். அமெரிக்காவின் ஃபால்கன்-9, 2015 டிசம்பரில் முதல் அடுக்கைப் பத்திரமாகத் தரையிறக்கியது. 2017 மார்ச்சில் பழைய அடுக்கே மீண்டும் பறந்தது.

இந்தியாவும் விழித்துக்கொண்டது. முதல் அடுக்கை மீட்டுப் பயன்படுத்தும் புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் அனுமதித்தது. எட்டு ஆண்டுத் திட்டம். ஆனால் திரும்பி வரும் ராக்கெட் அடிக்கடி பறந்தால்தான் லாபம். அத்தனை சரக்கைத் தேடிப் பிடிப்பது, ராக்கெட் செய்வதைவிடச் சுலபமல்ல.