தீனி கேட்காத கடல் பயிர்

மதுரை வட்டாரத்து விவசாயிக்கும் கடல் சிப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சொந்த நிலம் இல்லாதவர்களும் பொதுத் தண்ணீரை வைத்து வருமானம் பார்க்க முடியும் என்பதற்குச் சிப்பி வளர்ப்பு நல்ல உதாரணம்.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துப் படன்னா, செறுவத்தூர் பகுதிகளில் உப்பங்கழிகள் உள்ளன. 1990-களின் பிற்பகுதியில் அங்குள்ள பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கடனும் மானியமும் பெற்று, கல்லுமக்காய் எனப்படும் பச்சைச் சிப்பியை வளர்க்கத் தொடங்கினர். தொழில்நுட்பம் தந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1970-களிலேயே விழிஞ்ஞத்தில் அது சிப்பி வளர்ப்புச் சோதனைகளை நடத்தியது.

முறை எளிது. கழியில் மூங்கில் ஊன்றிப் பரண் கட்ட வேண்டும். கடற்கரைப் பாறைகளில் ஒட்டியுள்ள இளஞ்சிப்பிகளைச் சேகரித்து, கயிற்றைச் சுற்றிப் பரப்பி, பருத்தி வலைத்துணியால் மூடித் தைத்துப் பரணில் தொங்கவிட வேண்டும். சில நாட்களில் துணி மக்கிவிடும். அதற்குள் சிப்பி தன் இழைகளால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியே அதற்கு உணவு. கார்த்திகை வாக்கில் கட்டினால் ஐந்தாறு மாதத்தில் அறுவடை.

கோழிக்கும் இறாலுக்கும் தீவனமே பெருஞ்செலவு. சிப்பிக்கு அந்தச் செலவே இல்லை. மூங்கில், கயிறு, விதை, உழைப்பு, இவைதான் முதலீடு. அதனால்தான் இது ஏழைக்கு ஏற்ற தொழிலாகிறது.

இடர்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கழியின் உப்பு குறைந்தால் சிப்பி செத்துவிடும். மழைக்கு முன் எல்லாரும் ஒரே சமயத்தில் அறுத்தால் விலை சரியும். அசுத்த நீரில் வளர்ந்த சிப்பி உண்பவருக்கு நோய் தரும். எனவே சுத்தமான கடல்நீரில் வைத்துக் கழிவு நீக்கியே விற்க வேண்டும். அவித்துப் பதப்படுத்தும் வசதி பக்கத்திலேயே இருந்தால், இடைத்தரகர் சொல்லும் விலைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீரின் மீது உள்ளூராருக்கு உரிமை இருப்பது. பணம் உள்ளவர் கழியை வளைத்துக்கொண்டால், பெண்கள் கூலிக்குக் கயிறு கட்ட வேண்டியதுதான்.

நம் கண்மாய்களுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊரில் மீன்பாசி ஏலம் எடுப்பவர் யார்? லாபம் யாருக்குப் போகிறது? வெளியூர்க் குத்தகைக்காரருக்குக் கொடுப்பதைவிட, உள்ளூர் மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை தந்து, மீன் குஞ்சும் கடனும் கிடைக்கச் செய்வதே நியாயம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். ஊர்த் தண்ணீரின் பலன் ஊருக்கே சேரட்டும்.