பவளம் தின்னும் நட்சத்திர மீன்: ஒழித்தால் தீருமா?

முள்முடி நட்சத்திர மீன் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளத்தைத் தின்று வாழ்கிறது. வளர்ந்த ஒன்று 25 முதல் 35 செ.மீ. அகலம் இருக்கும், இருபது வரை கைகள், மேல்புறம் முழுக்க நச்சு முட்கள். 1962இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய கிரீன் தீவில் இது பெருந்திரளாகக் காணப்பட்டது. 1969இல் ஆய்வாளர் ரிச்சர்ட் செஷர், குவாம் தீவின் கரையோரம் 38 கி.மீ. தொலைவுக்கு 90 விழுக்காடு பவளம் இரண்டரை ஆண்டுகளில் அழிந்ததாக எழுதினார். எங்கிருந்தோ வந்து சேர்ந்த கொள்ளை இது, தேடிப்பிடித்துக் கொன்றால் பவளப் பாறைகள் பிழைத்துக்கொள்ளும் என்ற கருத்து அப்போது வேரூன்றியது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கருத்தில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன.

வந்தேறி என்பது முதல் பிழை. இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் ரும்ஃபியஸ், 1705இல் வெளிவந்த தம் நூலில் பல கைகள் கொண்ட இந்த உயிரியை விவரித்திருக்கிறார். 1758இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் இட்டார். ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது; 2008இல் மரபணு ஆய்வு செங்கடல், வட இந்தியப் பெருங்கடல், தென் இந்தியப் பெருங்கடல், பசிபிக் என நான்கு கிளைகளைப் பிரித்துக் காட்டியது. இவ்வளவு ஆழமாகப் பிரிந்த கிளைகள் உருவாகப் பத்து இருபது தலைமுறைகள் போதாது. பழைய பெருக்கங்களைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. பாறைப் படிவுகளில் புதைந்த முட்களை வைத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே இது பெருகி அடங்கி வருகிறது என்று பீட்டர் வால்ப்ரன் குழு 1989இல் வாதிட்டது. படிவுகள் கலைந்திருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இந்த விவாதம் பெருக்கங்களின் வயதைப் பற்றியது. உயிரி பழையது என்பதை எவரும் மறுக்கவில்லை.

எந்தப் பவளத்தைக் கண்டாலும் அழிக்கும் என்பது அடுத்த பிழை. இது தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் விரித்து, மேலுள்ள திசுவைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு மிஞ்சும். இப்படி ஒரு மீன் ஆண்டுக்கு 5 முதல் 10 சதுர மீட்டர் பவளத்தைத் தின்னும். ஒரு ஹெக்டேர் பாறையில் 3,000 சதுர மீட்டர் உயிருள்ள பவளம் இருக்கிறது என்று கொள்வோம். அங்கே ஒரு மீன் இருந்தால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் மீன்கள் இருந்தால், பெருக்கக் காலத்தில் அவ்வளவு இருப்பதுண்டு, ஓராண்டு முடிவதற்குள் தின்ன எதுவும் இராது. ஆக, தீங்கு எண்ணிக்கையில் இருக்கிறது. அதன் நாக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கும் நாக்கு: வேகமாக வளரும் அக்ரோபோரா வகைகளை விரும்பும், போரைட்டீஸ் போன்ற பாளப் பவளங்களைக் கடைசிவரை ஒதுக்கும். விரும்பித் தின்பவை வேகமாக வளர்பவை என்பதால், அளவோடு இருந்தால் அது பல்வகைமைக்கு உதவும் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பனாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் கண்டது வேறு கதை: அங்கே எங்கும் நிறைந்திருக்கும் பொசிலோபோரா பவளத்தின் கிளைகளுக்குள் குடியிருக்கும் ட்ரெப்பீசியா நண்டும் சொடுக்கு இறாலும் நட்சத்திர மீனைக் கிள்ளித் துரத்திவிடுகின்றன, அது அரிய பவளங்களின் பக்கம் திரும்பிவிடுகிறது.

தின்னப்பட்ட பாறை மீளாது என்ற பேச்சும் உண்டு. குவாமிலேயே தாங்கிசன் பாறையில் பவளப் பரப்பு ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 65 விழுக்காட்டை எட்டியது. மீட்சிக்கு இடைவெளி வேண்டும். பெருக்கங்கள் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்போதும், இடையே புயலும், வெப்பத்தால் பவளம் வெளிறுவதும் சேரும்போதும் அந்த இடைவெளி சுருங்குகிறது. இந்த உயிரியைச் சாதாரணம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8 ஆகக் குறைந்தது. அந்த இழப்பில் புயல்களின் பங்கு 48, நட்சத்திர மீனின் பங்கு 42, வெளிறலின் பங்கு 10 விழுக்காடு என்று டீயாத் குழு 2012இல் கணக்கிட்டது. 2016 முதல் நிகழ்ந்த பெரும் வெளிறல்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பெருக்கத்துக்குக் காரணம் சங்கு பொறுக்குபவர்கள் என்றார் ஆய்வாளர் ராபர்ட் எண்டீன். ட்ரைட்டன் சங்கு இந்த மீனைத் தின்பது உண்மை. ஆனால் அது வாரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் தின்னும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1969 முதல் அதைப் பிடிக்கத் தடை இருந்தும் 1979, 1993, 2010ஐ ஒட்டி மூன்று பெருக்கங்கள் வந்தன. வேட்டையாடிகள் குறைந்தது ஒரு காரணம் என்ற கருத்துக்கு வேறு சான்று இருக்கிறது: மீன்பிடி தடைசெய்யப்பட்ட பாறைகளில் பெருக்கங்கள் குறைவு என்று ஹ்யூ ஸ்வெட்மன் 2008இல் காட்டினார். எண்டீன் தவறான வேட்டையாடியைப் பிடித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஒழிப்பு என்ற தீர்வு தடுக்கி விழுவது முட்டையின் கணக்கில். பெரிய பெண் ஒன்று ஒரு பருவத்தில் 10 கோடிக்கு மேல் முட்டையிடக்கூடும். அவற்றிலிருந்து வரும் இளவுயிரிகள் சில வாரங்கள் நீரில் மிதந்து நுண்பாசிகளைத் தின்கின்றன. ஏறக்குறைய எல்லாமே இறந்துவிடும். பிழைப்பவை மிகச் சிறிதளவு கூடினாலே வளர்ந்தவற்றின் எண்ணிக்கை பல மடங்காகும். தாழ்ந்த பவளத் தீவுகளைவிட, ஆறு பாயும் உயர்ந்த தீவுகளில் பெருமழைக்கு மூன்று ஆண்டுகள் கழித்துப் பெருக்கங்கள் அதிகமாகத் தோன்றுவதை சார்ல்ஸ் பர்க்லேண்ட் 1982இல் சுட்டிக்காட்டினார். குயின்ஸ்லாந்தின் கரும்பு வயல்களின் உரம் வெள்ளத்தோடு கடலில் சேர்ந்து நுண்பாசியைப் பெருக்குகிறது என்ற விளக்கம் அதிலிருந்து வளர்ந்தது. வலுவான விளக்கம்தான், ஆனால் முழுமையானதல்ல. நுண்பாசி குறைந்த நீரிலும் இளவுயிரிகள் தாக்குப்பிடிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. கிரேட் பேரியர் ரீஃபில் கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஸ்வெயின் பாறைகளிலும் பெருக்கங்கள் நடந்திருக்கின்றன.

ஒழிப்பைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு ஜப்பான். ரியுக்யு தீவுகளில் 1970 முதல் 1983 வரை சுமார் 1.3 கோடி மீன்கள் அகற்றப்பட்டன. பவளம் பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை. இன்று ஆஸ்திரேலியாவில் முக்குளிப்பவர்கள் மாட்டுப் பித்த உப்பையோ வினிகரையோ ஊசியால் ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து போதும். தேர்ந்தெடுத்த பாறைகளில் விடாமல் செய்தால் பவளம் மிஞ்சுகிறது. கிரேட் பேரியர் ரீஃபில் ஏறத்தாழ 3,000 பாறைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இதைச் செய்ய ஆட்கள் இல்லை.

முக்குளிப்பவர்கள் காண்பது வளர்ந்தவற்றைத்தான். தரையில் ஒட்டிய குஞ்சு அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. இறந்த பவளத் துண்டுகளின் இடுக்கில் சுண்ணாம்புப் பாசியைத் தின்று வளரும். வழக்கமாகச் சில மாதங்களில் பவளத்துக்கு மாறும். பவளம் கிடைக்காவிட்டால் ஆறு ஆண்டுகளுக்கு மேலும் பாசியிலேயே காத்திருக்க முடியும் என்று 2020இல் வெளியான ஆய்வு கண்டது. பவளத்தைக் கொல்லும் வெப்பத்தையும் இந்தக் குஞ்சுகள் தாங்குகின்றன. வெளிறலுக்குப் பிறகு பாறையில் இறந்த துண்டுகள் பெருகும்போது, அவற்றுக்கு ஒளிய இடமும் தின்னப் பாசியும் கூடுகின்றன.