வொர்க்ஸ்டேஷன் என்ற பெயருக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வந்துவிட்டது. "சார், கம்ப்யூட்டர் வாங்கணும். சாதாரண பிராசஸர் போதுமா, இல்ல வொர்க்ஸ்டேஷன் பிராசஸரே போட்டுடலாமா?" ஒருவர் இன்ஜினியரிங் சேர்ந்த மகளுக்காகக் கேட்டார். இன்னொருவர் சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் பழைய மாணவர். மூன்றாவது என் சொந்தத்திலேயே, ஏ.ஐ. படிக்கப்போகும் பையன். மூவரும் போனது வெவ்வேறு கடை. மூவருக்கும் கிடைத்தது ஒரே அறிவுரை: "வொர்க்ஸ்டேஷன் போடுங்க, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல." தலைவலி, வயிற்றுவலி, முட்டிவலி மூன்றுக்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் நீங்கள் மறுபடி போவீர்களா?

இதில் ஒரு வீட்டில் வளையலை அடகு வைக்கும் பேச்சு வரை போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு வொர்க்ஸ்டேஷன் பிராசஸர் தேவையில்லை. தேவையில்லாதது மட்டுமல்ல, அதே பணத்தில் மெதுவான மெஷினை வாங்கிக்கொண்டு வரும் ஆபத்தும் உண்டு.

"விலை அதிகமானது எப்படி சார் மெதுவாக இருக்கும்?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே நிறுவனம், ஒரே தலைமுறை, இரண்டு சிப். ஏ.எம்.டி. 2022-ல் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ் சாதாரண டெஸ்க்டாப் வகை. 16 கோர், உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 699 டாலர். அதே ஜென் 4 வடிவமைப்பில் 2023-ல் வந்த த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ், அந்தத் தலைமுறை த்ரெட்ரிப்பர் வரிசையில் ஆரம்ப மாடல். 24 கோர், உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 1,499 டாலர். விலை இரண்டு மடங்குக்கு மேல். கோர் ஒன்றரை மடங்கு. ஒரே ஒரு கோரை வைத்துச் செய்யும் வேலையில் விலை குறைந்த சிப்தான் வேகம். இத்தோடு முடியவில்லை. பெரிய சிப்புக்கு அதற்கென்றே தனி மதர்போர்டு வேண்டும். ரெஜிஸ்டர்டு வகை ரேம் மட்டும்தான் ஏற்கும், உங்கள் பழைய ரேமைப் போட முடியாது. ரெண்டுமே விலை கூடுதல்.

அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? அதற்கும் பதில் உண்டு. ரேமுக்குப் போகும் வழி சாதாரண சிப்பில் இரண்டு, இதில் நான்கு. கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் சொருகும் ஐந்தாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதைகள் அதில் 24, இதில் 48. ஒரே பெட்டியில் மூன்று நான்கு கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு இது பொன் போன்றது. ஒரே ஒரு கார்டு போடுகிற உங்களுக்கு, மிச்சப் பாதைகள் ஆளில்லாத கல்யாண மண்டபம். வாடகை மட்டும் முழுதாகக் கொடுக்கிறீர்கள்.

"கோர் அதிகம் இருந்தா வேலை சீக்கிரம் முடியும்ல சார்?" அடுத்த கேள்வி இதுதான். 1967-லேயே ஜீன் அம்டால் என்ற பொறியாளர் இதற்கு விடை சொல்லிவிட்டார். நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். கல்யாணச் சமையலில் காய் நறுக்க இருபது பேரை உட்கார வைக்கலாம், இருபதில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். ஆனால் சாம்பார் கொதிக்கிற நேரம் கொதித்தே ஆகவேண்டும். அடுப்பைச் சுற்றி இருபது பேர் நின்றாலும் அது சீக்கிரம் கொதிக்காது.

ஒரு கோரில் 100 நிமிடம் ஆகும் வேலை. அதில் 80 நிமிடப் பகுதியைப் பங்கு பிரிக்கலாம், 20 நிமிடப் பகுதியைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோரில் 80 நிமிடம் 5 ஆகும், மொத்தம் 25 நிமிடம். 24 கோரில் மொத்தம் 23 நிமிடம் 20 விநாடி. 64 கோர் போட்டாலும் 21 நிமிடம் 15 விநாடி. ஆயிரம் கோர் போட்டாலும் 20-க்குக் கீழே இறங்காது. அதாவது 16-லிருந்து 24-க்குப் போக இரண்டு மடங்கு விலை கொடுத்து நீங்கள் சம்பாதித்தது 1 நிமிடம் 40 விநாடி. அந்தப் பிரிக்க முடியாத 20 நிமிடத்தில் கிகாஹெர்ட்ஸ் அதிகமுள்ள சிப்தான் முந்தும் என்பதால், அந்த 1 நிமிடம் 40 விநாடியும் முழுதாகக் கைக்கு வராது. பத்தாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு இது. கொட்டேஷன் கையில் வந்ததும் நமக்கு ஏன் மறந்துபோகிறது?

கடைக்காரர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ரிச்சி தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் எத்தனையோ பேர். பலர் பழைய உண்மையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2017 தொடக்கத்தில் இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் வரிசையில் உச்சியில் இருந்த கோர் ஐ7 7700கே சிப்பில் வெறும் 4 கோர். அப்போது கனமான வேலைக்கு வொர்க்ஸ்டேஷன் வகைக்குத்தான் போகவேண்டும், அது நியாயமான அறிவுரை. அதே ஆண்டு ஆகஸ்டில் 16 கோர் த்ரெட்ரிப்பர் 999 டாலருக்கு வந்தது. 2019 நவம்பரில் அதே 16 கோர் சாதாரண ரைசன் வரிசைக்கே 749 டாலரில் இறங்கி வந்துவிட்டது. இரண்டே கால் வருடத்தில் வொர்க்ஸ்டேஷன் எண்ணிக்கை சாதாரண மெஷினுக்கு வந்தாயிற்று. "பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்ற வாக்குறுதியின் ஆயுள் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் மாணவர் கதைக்கு வருகிறேன். இது இன்னொரு வகைப் பொறி. அவரிடம் புது மெஷினுக்குப் பணம் இல்லை. ஒரு கடையில், "ஜியான் வொர்க்ஸ்டேஷன், 28 கோர், பாதி விலை" என்று காட்டியிருக்கிறார்கள். வாங்கிவிட்டார். பெட்டிக்குள் இருந்தது 2016-ல் வந்த ஜியான் ஈ5-2680 வி4 சிப் இரண்டு, ஆளுக்கு 14 கோர். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் உழைத்து, ஓய்வு பெற்று, என்னைப்போல வெளியே வந்தவை. உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான்.

அவருடைய புது கேமரா எடுக்கும் 4கே வீடியோ, எச்.265 முறையில் 10 பிட், 4:2:2 நிறத்தில் சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்க சிப்புக்குள்ளேயே தனி உறுப்பு இருக்கவேண்டும். இன்டெல் அதை குவிக் சிங்க் என்கிறது. 11-ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட சாதாரண இன்டெல் கோர் சிப்களில் இந்த வகை வீடியோவையும் அது பிரித்துக் கொடுக்கும். அந்தப் பழைய ஜியானில் அந்த உறுப்பே கிடையாது. அவர் போட்டிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும் இந்த வகை தெரியாது. விளைவு, 28 கோரும் மூச்சு வாங்க, தாலி கட்டும் காட்சி திக்கித் திக்கி ஓடியது. அவருடைய உதவியாளரின் ஐ5 லேப்டாப்பில் அதே காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. முகூர்த்த சீசனில் இரண்டு ஆர்டர் தாமதம். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இந்தப் பழைய ஜியான் இல்லை. வாடிக்கையாளரின் படங்களையும் வங்கிக் கணக்கையும் வைத்திருக்கும் மெஷினுக்கு இது சின்ன விஷயமா?

ஜியான் என்ற பெயர் 1998-லிருந்து இருக்கிறது. பெயர் ஒன்றே தவிர உள்ளே இருப்பது ஒன்றல்ல. 2013-ல் வந்த ஜியான் ஈ3-1230 வி3, அந்த ஆண்டின் கோர் ஐ7 சிப்பைப் போலவே 4 கோர் கொண்டது. உள் கிராபிக்ஸ் மட்டும் கிடையாது. அதுவும் ஜியான், லட்சக்கணக்கில் விற்கும் சர்வர் சிப்பும் ஜியான். "ஜியான் போட்டிருக்கேன் சார்" என்று யாராவது சொன்னால் "எந்த ஜியான், எந்த வருஷம்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற இரண்டு பேருக்கு என்ன சொன்னேன்? இன்ஜினியரிங் மகளுக்கு: ஆட்டோகேட் வரைவதில் பெரும்பகுதி ஒரே கோரில் ஓடும் வேலை. 24 கோரில் 23 சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஏ.ஐ. பையனுக்கு: அந்தப் பயிற்சியின் கனமான வேலை கிராபிக்ஸ் கார்டில் நடக்கிறது, பிராசஸரில் அல்ல. கற்றுக்கொள்ளும் காலத்தில் கூகுள் கோலாபில் அளவோடு இலவசமாகவே கிராபிக்ஸ் சிப் கிடைக்கிறது. முதலில் பைத்தானும் நேரியல் இயற்கணிதமும் உருப்படியாக வரட்டும். 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் முதல் புரோகிராம் எழுதிய பிள்ளைகள் இன்று ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களிலும் சிலர் உண்டு. சாட்சி சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்காமல் வைக்கிறேன். வொர்க்ஸ்டேஷன் வகைக்கு ஆதரவாக உள்ளதில் வலுவானது இ.சி.சி. ரேம். ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வகை. கூகுளும் டொரன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் சர்வர்களில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை பதிவானது. அலட்சியப்படுத்தும் விஷயம் அல்ல. ஆனால் இ.சி.சி. வேண்டுமென்றால் அதற்கும் வொர்க்ஸ்டேஷன் வரைக்கும் போகவேண்டியதில்லை. இன்டெல்லின் டபிள்யூ680 சிப்செட் போர்டுகளில் சாதாரண கோர் சிப்கள் பலவற்றோடு அது வேலை செய்யும். ரைசனுக்கும் சில போர்டுகளில் உண்டு. அதோடு, ஹார்டு டிஸ்க் செத்தால் இ.சி.சி. காப்பாற்றாது. ஒரு கல்யாணத்தின் மொத்த வீடியோவையும் ஒரே டிஸ்கில் வைத்துக்கொண்டு இ.சி.சி. பற்றிப் பேசுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு வாங்குவது போல. முதலில் இரண்டு பேக்கப் டிஸ்க் வாங்குங்கள்.

வொர்க்ஸ்டேஷன் யாருக்கு வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ராப்பகலாக முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்யும் கிராபிக்ஸ் நிறுவனம். அந்த வேலை கிட்டத்தட்ட முழுதும் பங்கு பிரியும், எனவே கோருக்குக் கொடுக்கும் காசு திரும்பி வரும். பெரிய கட்டடங்களின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர். 192 ஜிபி ரேமும் போதாமல் தவிப்பவர். ஒரே பெட்டியில் பல கிராபிக்ஸ் கார்டு ஓட்டுபவர். இவர்கள் வாங்கட்டும், வாங்கவேண்டும். இவர்களுக்கு ஒரு மணி நேரம் என்பது பில்லில் எழுதும் தொகை.

வீட்டில் வைப்பவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிறுவனமே தரும் அளவு அந்த 16 கோர் சிப்புக்கு 170 வாட், 24 கோருக்கு 350 வாட். வித்தியாசம் 180 வாட். தினம் 8 மணி நேரம் முழுவேகத்தில் ஓடினால், இரண்டு மாத பில்லில் சுமார் 86 யூனிட் கூடுதல். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது கரன்ட் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. ஓடுவது தனி. கத்திரி வெயிலில் கே.கே. நகர் மாடி வீட்டு அறையில் உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது சிப் அல்ல. பெற்றோரின் பாசத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார்களே, அதுதான். "பிள்ளையோட எதிர்காலம் சார், இதுல போய்க் கணக்குப் பாக்கலாமா?" என்று ஒருவர் கேட்டவுடன் நாம் வாயடைத்துப் போகிறோம். பிள்ளையின் எதிர்காலம் என்பதால்தான் கணக்குப் பார்க்கவேண்டும். மாதத் தவணை கட்டிக்கொண்டு, அந்த மெஷினைத் தொடவே பயப்படும் பிள்ளையை விட, சுமாரான மெஷினைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ளும் பிள்ளை முன்னேறும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விக்குப் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, தினமும் ஓடப்போகும் சாப்ட்வேர் எது? இரண்டு, அந்த வேலையில் நீங்கள் காத்திருப்பது எதற்காக: பிராசஸருக்கா, கிராபிக்ஸ் கார்டுக்கா, ரேமுக்கா, டிஸ்குக்கா? இப்போதுள்ள மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், எது 100-ஐத் தொடுகிறது என்று தெரிந்துவிடும். மூன்று, மிச்சமாகும் நேரம் மாதத்துக்கு எவ்வளவு வருமானம் தரும்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகும் வொர்க்ஸ்டேஷன்தான் என்று வந்தால், தாராளமாக வாங்குங்கள், நானே கூட வருகிறேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கொட்டேஷனைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரிட்டயர்டு ஆள், நேரம் இருக்கிறது. சாயங்காலம் சிவன் பார்க்கில் நடந்துகொண்டிருப்பேன், நேரிலும் வரலாம். வளையல் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கே.கே. நகர், சென்னை 78.