இரவு வண்டியும் ஏழை மாணவனும்

ஐரோப்பாவில் மேற்படிப்புக்குச் சென்ற நம் பழைய மாணவர் சிலர், விடுமுறையில் இங்கு வரும்போதெல்லாம் அந்நாட்டுப் படுக்கை வண்டிகளின் பெருமையைப் பேசி ஓய்வதில்லை. இரவில் வியன்னாவில் ஏறிப் படுத்தால் காலையில் வெனிஸ் நகரமாம். ஆல்ப்ஸ் மலை உறக்கத்திலேயே கடந்துவிடுகிறதாம். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், "நமக்கு அந்தப் பேறு எங்கே?" என்று நம் தோழர்கள் பெருமூச்சு விடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நள்ளிரவில் காட்பாடிச் சந்திப்பில் சேரன் விரைவு வண்டிக்குக் காத்து நிற்கும் சித்தூர் மாணவனைக் கேளுங்கள். அவன் கண் விழிக்கும்போது கோவை வந்திருக்கும். அது மட்டும் பேறு அன்றோ?

ஐரோப்பாவின் கதையில் மறுபக்கமும் உண்டு. 1883-இல் பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் செல்வர்களின் வண்டி. பின்னாளில் எளியோருக்கும் ஓர் அறைக்கு ஆறு படுக்கைகள் என்று வந்தன. மலிவு விமானங்கள் பெருகவே இரவு வண்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. 2016 டிசம்பரில் ஜெர்மானிய ரயில்வே தன் படுக்கை வண்டிகளையே நிறுத்தியது. அவற்றுள் சிலவற்றை ஆஸ்திரிய ரயில்வே ஏற்று 'நைட்ஜெட்' என்று ஓட்டிற்று. விமானப் புகையைப் பற்றிய கவலை வளர, பயணிகளும் திரும்பினர். ஆயினும் 2021-இல் மீண்டும் தொடங்கிய வியன்னா–பாரிஸ் இரவு வண்டி, பிரெஞ்சு அரசின் உதவித்தொகை நின்றதும் 2025 டிசம்பரில் நின்றுபோயிற்று. ஒருமுறை கைவிட்டதை மீண்டும் உயிர்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

நாமோ இன்னும் கைவிடவில்லை. ஆனால் கை தளர்கிறது என்பதே என் அச்சம். 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராயிருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைமீது இரண்டு அங்குல மெத்தை இடச் செய்தார். ஏழையின் முதுகும் முதுகே என்று ஓர் அமைச்சர் எண்ணிய காலம் அது. அண்மை ஆண்டுகளிலோ பல விரைவு வண்டிகளில் சாதாரணப் படுக்கைப் பெட்டிகளைக் குறைத்துக் குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டிகளைச் சேர்த்துவிட்டனர். அதன் கட்டணம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உதவித்தொகையில் காலந்தள்ளும் மாணவன் எங்கே போவான்? பொதுப் பெட்டியின் வாயிற்படிக்குத்தான்!

"வெயிலில் வேகும் பெட்டி எதற்கு? நாடு முன்னேற வேண்டாமா?" என்பர் சிலர். மேல்தட்டில் படுத்தவன் நான்; பகலெல்லாம் வெப்பத்தை உண்ட இரும்புக் கூரை அதை இரவில் எப்படி உமிழும் என்பதை எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்கு மருந்து கூரைக்கு நல்ல வெப்பத்தடுப்பும் சுழலும் விசிறியும், பெட்டியையே பறிப்பதன்று. 2023 டிசம்பரில் தொடங்கிய அம்ரித் பாரத் வண்டிகள் குளிர்சாதனமின்றியே ஓடுகின்றன. ஆகவே அரசுக்கு இது இயலாத செயலும் அன்று. முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது போன்ற நல்ல காரியங்களும் நடக்கின்றன. (நம் தேர்வு அட்டவணை நான்கு மாதம் முன்பு என்றைக்கு வந்தது?)

நான் நெல்லைச் சீமையிலிருந்து இங்கே அறிவியல் பயில வந்தவன். இரவு வண்டி எனக்கு ஒரு பகலை மிச்சப்படுத்துகிறது, விடுதி வாடகையுமில்லை. ஆய்வகத்தில் மாலைவரை நின்றவன் மறுநாள் தாயின் கையால் உண்ணலாம். ஆனால் திருப்பதியிலிருந்து இராமேசுவரம் வண்டி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே. மற்ற நாள்களில் பகல் வண்டியில் சென்னை சென்று, மூட்டையுடன் நிலையம் மாறி, நெல்லை விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு பகல் வழியிலேயே போய்விடுகிறது.

ஆகவே நம் மன்றம் ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமென்பது என் கருத்து. திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர், காட்பாடி வழியாகத் தென்பாண்டி நாட்டுக்கு நாள்தோறும் ஓர் இரவு வண்டி. அதில் பாதிக்குக் குறையாமல் சாதாரணப் படுக்கைப் பெட்டிகள். தெலுங்குத் தோழர்களும் இதில் சேர்வர். மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் அவர்களும் எண்ணற்றவர். விண்ணப்பத்தை இரு மொழியிலும் எழுதலாம். தெலுங்கில் எழுத என் அறைத்தோழர் ஒருவர் இசைந்துவிட்டார். தமிழில் எழுத நான் இருக்கிறேன். கையெழுத்துகளே வேண்டும்.