இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு எத்தகைய பயிற்றுவிப்பாளர் தேவை?

உலகக்கிண்ண உதைபந்தாட்டக் காலம் நெருங்கும்போதெல்லாம் கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரையான கரையோரத்தில் ஆர்ஜென்டீனாவினதும் பிரேசிலினதும் கொடிகள் உயர்வது வழமை. எந்தப் பயிற்றுவிப்பாளரை எந்த நாட்டுக்கு அனுப்பினால் அந்த அணி தேறும் என்பது அக்காலத்துத் தேநீர்க்கடை வாதங்களுள் முதன்மையானது. 2025இல் பிரேசில் இத்தாலியரான கார்லோ அன்செலோட்டியையும், இங்கிலாந்து ஜேர்மனியரான தோமஸ் டுக்கெலையும் பொறுப்பில் அமர்த்திய பின்னர் இவ்வாதம் மேலும் சூடுபிடித்தது. இருபது நாடுகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் எமது இளைஞர்கள், இருபத்தோராவதாக இலங்கையின் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் சிரிப்பார்கள் என்ற கூச்சமே அதற்குக் காரணம் எனலாம்.

அந்தக் கூச்சம் எப்போதும் இருந்ததன்று. 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய வெற்றிக்கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என வீழ்த்திய அணி எம்முடையது. 1998இல் உலகத் தரவரிசையில் 122ஆவது இடம்வரை ஏறினோம். 2006இல் பங்களாதேஷில் நடைபெற்ற ஆசிய சவால் கிண்ணத்தில் இறுதிப் போட்டிவரை சென்று தஜிகிஸ்தானிடம் தோற்றோம். அதன் பின்னரான சரிவில் தரவரிசை 200ஐத் தாண்டியது. சம்மேளன நிர்வாகச் சிக்கல்களினால் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பீபா எம்மை இடைநிறுத்தி வைத்திருந்தது. அவ்வாண்டு பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் இலங்கையின் கொடியே இருக்கவில்லை.

2018 முதல் 2024 வரையான காலப்பகுதியில் மாத்திரம் நால்வருக்குக் குறையாத பயிற்றுவிப்பாளர்கள் மாறியுள்ளனர். முதலாமவர் எம்மவரான பக்கீர் அலி. 1980களில் டாக்கா ஆபஹானி கழகத்தின் பின்களத்தில் ஆடி அந்நகர ரசிகர்களின் அன்பைப் பெற்றவர். அவரது அணி 2018இல் பங்களாதேஷை அதன் மண்ணிலேயே 1-0 என வென்றது. சில நாட்களில் ஆரம்பமான தெற்காசியப் போட்டியில் இலங்கையும் மாலைதீவும் இந்தியாவிடம் ஒரே எண்ணிக்கையில் தோற்று, தமக்கிடையே கோலின்றிச் சமநிலையும் கண்டதால், அரையிறுதிக்குச் செல்வது யார் என்பது நாணயச் சுழற்சியில் தீர்மானிக்கப்பட்டது. நாணயம் மாலைதீவின் பக்கம் விழுந்தது. மாலைதீவு கிண்ணத்தையே வென்றது. அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் பீட்டர் செகர்ட், அதற்கு முன்னர் 2015இல் ஆப்கானிஸ்தானை இதே போட்டியின் இறுதிவரை அழைத்துச் சென்றவர். மாலைதீவு பெரிய பெயரைத் தேடாமல் இப்பிராந்தியத்தை அறிந்த ஒருவரைத் தேடியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பக்கீர் அலிக்குப் பின் வந்தவர் அவுஸ்திரேலியாவிலிருந்து அழைக்கப்பட்ட பொஸ்னியரான அமீர் அலாகிச். 2021 ஜூனில் லெபனானிடம் 3-2 எனப் போராடித் தோற்ற ஆட்டத்தில் எமது இரு கோல்களையும் அடித்தவர் ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக். அடுத்த ஆட்டத்தில் தென் கொரியா 5-0 என எம்மை வென்றது. அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற நான்கு நாடுகள் போட்டியின் இறுதியில் சீஷெல்ஸிடம் தண்ட உதையில் தோற்றதுடன் அலாகிச்சின் காலமும் முடிவுற்றது. மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் முன்னாள் தலைவர் அன்டி மொரிசன் அடுத்து வந்தார். அவர் காலத்தின் பெரும்பகுதியை இடைநிறுத்தம் விழுங்கிவிட்டது.

5-0 என்ற எண்ணிக்கையைக் கண்டதும் எமக்கு நினைவுக்கு வருவது அதே தென் கொரியாதான். 2001இல் அந்த அணியைப் பொறுப்பேற்ற நெதர்லாந்தின் கூஸ் ஹிடிங்க், அவ்வாண்டு பிரான்ஸிடமும் செக் குடியரசிடமும் 5-0 எனத் தோற்றார். கொரிய மக்கள் அவரை ‘ஐந்துக்குப் பூச்சியம்’ என்றே கேலி செய்தனர். எனினும் சம்மேளனம் அவரை மாற்றவில்லை. கொரிய வீரர்களுக்குப் பந்துத் திறமை குறைவு என எல்லோரும் கூறிவந்த வேளையில், குறைவு உடல் வலுவிலும், மூத்தவரிடம் இளையவர் வாய் திறக்கத் தயங்கும் வழக்கத்திலுமே உள்ளது என அவர் கண்டார். இரண்டையும் மாற்றினார். 2002இல் அரையிறுதி கிட்டியது.

அணியில் எது குறைகிறதோ அதைக் கொடுக்கக்கூடியவரைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் எனப்படுவது. கழக அணியின் பயிற்றுவிப்பாளர் தமக்கு வேண்டிய வீரரை விலைக்கு வாங்கலாம். நாள்தோறும் மைதானத்தில் பயிற்றுவிக்கலாம். தேசிய அணியின் பயிற்றுவிப்பாளருக்கோ கிடைப்பது சில நாட்களே. இருப்பவர்களைக் கொண்டே சமைக்க வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த ஹேர்வே ரெனார்ட் இதற்குத் தகுந்த சான்று. அவர் பயிற்றுவித்த சோஷோ கழகம் 2014இல் கீழ்நிலைக்கு இறங்கியது. லீல் கழகம் 2015இல் சில மாதங்களிலேயே அவரை அனுப்பிவிட்டது. அதே மனிதர் 2012இல் சாம்பியாவுக்கும் 2015இல் ஐவரி கோஸ்ட்டுக்கும் ஆபிரிக்கக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். 2022 உலகக்கிண்ணத்தில் அவரது சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2-1 என வீழ்த்திய மாலையை எமது ஊர்கள் இலகுவில் மறக்கமாட்டா.

பெரிய பெயரும் பொருத்தமும் நேருக்கு நேர் மோதிய ஆட்டம் ஒன்றுண்டு. 2024 பெப்ரவரி 6ஆம் திகதி கட்டாரில் நடைபெற்ற ஆசியக் கிண்ண அரையிறுதி அது. ஒரு பக்கம், 1990 உலகக்கிண்ணத்தை வென்ற ஜேர்மனியரான யூர்கன் கிளின்ஸ்மனின் தென் கொரியா. மறுபக்கம், மொரோக்கோவைச் சேர்ந்த ஹுசைன் அம்மூதாவின் ஜோர்தான். கிளின்ஸ்மன் கொரியாவில் தங்காமல் அமெரிக்காவிலேயே பெரும்பகுதிக் காலத்தைக் கழிப்பதாகக் கொரிய ஊடகங்கள் நெடுநாள் குறைகூறி வந்தன. அம்மூதாவோ பொறுப்பேற்ற சில மாதங்களில் நோர்வேயிடம் 6-0 எனத் தோற்றவர்; எனினும் ஜோர்தான் பொறுத்திருந்தது. ஜோர்தான் 2-0 என வென்றது. பத்து நாட்களில் கிளின்ஸ்மன் பதவி இழந்தார்.

எமது பிராந்தியத்தில் இவ்வகைப் பொருத்தத்துக்கு ஸ்டீபன் கொன்ஸ்டன்டைனை எடுத்துக்காட்டலாம். நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா எனப் பின்தங்கிய அணிகளையே தேடிச் சென்றவர் அவர். 2015இல் 173ஆவது இடத்திலிருந்த இந்தியா 2017இல் 96ஆவது இடத்துக்கு ஏறியது அவரது காலத்தில்தான். 2023 ஒக்டோபரில் பாகிஸ்தான் கம்போடியாவை 1-0 என வென்று, உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியொன்றில் தனது முதல் வெற்றியைப் பெற்றதும் அவரது வழிகாட்டலிலேயே. அவரது அணிகள் ஆடும் ஆட்டம் கண்ணுக்கு விருந்தல்ல. ஆனால் தோல்விக்குப் பழகிய அணிக்கு முதலில் தேவைப்படுவது கோல் வாங்காமல் இருக்கும் கட்டுப்பாடு.

அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், 2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முத்தைரியை இலங்கை நியமித்தது தற்செயலாகவேனும் சரியான தெரிவு என்றே கருதுகிறோம். 2021இல் நேபாளத்தை முதற்றடவையாகத் தெற்காசிய இறுதிக்குக் கொண்டு சென்றவர் அவர். 2024 செப்டெம்பரில் இலங்கை, கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இறுதிக் கட்டத்துள் நுழைந்தது. 2025 ஜூனில் சீன தாய்ப்பே 3-1 எனத் தோற்கடிக்கப்பட்டது. இவ்வெற்றிகளில் புலம்பெயர் பெற்றோரின் பிள்ளைகளது பங்கு பெரிது. ஜேர்மனியில் வளர்ந்த கிளோடியோ கமர்க்னெக்ட், இங்கிலாந்தின் டிலன் டி சில்வா போன்றோருடன், ஐரோப்பாவில் பிறந்த தமிழ் இளைஞர்களும் இலங்கைச் சீருடை அணிந்துள்ளனர். யுத்தம் துரத்திய குடும்பங்களின் பிள்ளைகள் அந்நாட்டின் தேசிய கீதத்துக்காக வரிசையில் நிற்பது சாதாரண விடயமன்று.

ஆயினும் வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கொண்டு மாத்திரம் அணியொன்று நிலைக்குமா? இதற்குப் பதில் தருவது கேப் வேர்டே. அத்லாந்திக்கில் சில தீவுகள். மக்கள் தொகை ஏறத்தாழ 5¼ இலட்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எமது அம்பாறை மாவட்டத்தின் தொகையே ஏறத்தாழ 6½ இலட்சம்! அந்நாடு 2025 ஒக்டோபரில் உலகக்கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. டப்ளினில் பிறந்த தற்காப்பு வீரர் ரொபேர்ட்டோ லோப்பஸை லிங்க்ட்இன் வழியாகத் தேடிப் பிடித்தார்கள். முதற்செய்தியை ஏதோ விளம்பரமென எண்ணி அவர் பதிலே அனுப்பவில்லை என்பது பின்னர் வேடிக்கைக் கதையாயிற்று. ஆனால் இவர்களை ஒன்றுசேர்த்த பயிற்றுவிப்பாளர் புபிஸ்டா, அந்தத் தீவுகளிலேயே பிறந்தவர். 2020இல் பொறுப்பேற்றார். இடையில் 2025ஆம் ஆண்டுக்குரிய ஆபிரிக்கக் கிண்ணத்துக்குத் தகுதிபெறத் தவறினார். அப்போதும் அவரை அனுப்பிவிடவில்லை.

மண்ணை அறிந்தவர் என்பதன் பொருளை இந்தியாவின் செய்யித் அப்துர் ரஹீமிடமும் காணலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த பாடசாலை ஆசிரியர். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டு விழாத் தங்கத்தை இந்தியாவுக்குப் பெற்றுக் கொடுத்தார்; 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 1962 இறுதியில் தலையில் காயமடைந்திருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தினார். அவர் கோல் அடித்தார். வீரனை உள்ளும் புறமும் அறிந்தவருக்கே அத்தகைய துணிவு வரும்.

இனி எமது கரைக்கு வருவோம். பெரும்போக அறுவடை முடிந்த வயல்களிலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலுடன் பந்து உதைக்கும் சிறுவர்களுக்கு இங்கு குறைவில்லை. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் மருதமுனை மசூர் மௌலானா மைதானத்திலும் சுற்றுப்போட்டி நடைபெறும் நாட்களில் கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் இங்கிருந்து கொழும்பு ஓர் இரவுப் பேருந்துப் பயணம். தெரிவுக்குச் செல்லும் பதினாறு வயதுப் பையன் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் தானே தேடிக்கொள்ள வேண்டும். பெயர் பட்டியலில் வந்துவிட்டாலும், வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் கூறுவது சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு, அதன் பின்னரே அவன் காதுக்குத் தமிழில் எட்டும். ‘இடப்பக்கம் விலகு’ என்பது மூன்று மொழி கடந்து வருவதற்குள் பந்து வலைக்குள் போய்விடும்.

இது முஸ்லிம் ஊருக்கு ஒரு விதமாகவும் தமிழ் ஊருக்கு இன்னொரு விதமாகவும் அமைந்த குறையன்று. பிரதேச செயலக எல்லை பற்றி எமக்குள் எத்தனை பிணக்கு இருந்தாலும், அக்கரைப்பற்றுப் பையனும் ஆலையடிவேம்புப் பையனும் ஒரே பேருந்தில்தான் கொழும்புக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஒன்றாகவே திரும்பியும் வருகிறார்கள்.

ஆகவே, சம்மேளனம் எந்தப் பயிற்றுவிப்பாளருடன் ஒப்பந்தம் எழுதினாலும் அதில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறோம். குறைந்தது நான்கு ஆண்டுகள் அவரை அசைக்கக் கூடாது. ஆண்டில் குறிப்பிட்ட வாரங்களை அவர் கிழக்கிலும் வடக்கிலும் மைதானங்களில் கழிக்க வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு காணொளி பார்ப்பது அதற்கு ஈடாகாது. தமிழ் பேசும் துணைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் அணியுடன் இருக்க வேண்டும். பக்கீர் அலியின் தலைமுறையிலும் அதன் பின்னரும் தமிழ் பேசும் முன்னாள் தேசிய வீரர்கள் பலர் உள்ளனர். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் நெறிக்கு அவர்களுள் இருவரையேனும் அனுப்புவதற்கு ஆகும் செலவு, வெளிநாட்டவர் ஒருவருக்கு வழங்கும் ஊதியத்தின் சிறு பங்கேயாகும்.