கடைசியா வந்தவனோட டைம் என்ன?

எங்க ஊர் மரக்காணத்துல ஒருத்தர் ஓடினா அதுக்கு மூணே காரணம்தான் இருக்க முடியும். பஸ்ஸை விட்டுட்டார், நாய் துரத்துது, இல்லேன்னா போலீஸ் செலக்‌ஷன். போன செமஸ்டர் லீவுல நான் காலையில ஓட ஆரம்பிச்சப்போ டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்த தாத்தா கேட்ட முதல் கேள்வி: "என்ன பாப்பா, எஸ்.ஐ. பரீட்சையா?" இல்ல தாத்தா, சும்மாதான் ஓடறேன்னு சொன்னேன். அதை அவர் ஒரு பதிலாவே எடுத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் நான் ஏதோ பரீட்சைக்குத் தயாராகறேன், வெளிய சொல்ல மாட்டேங்கறேன்னுதான் நினைச்சிட்டு இருக்கார்.

ஊர்ல யாருமே ஓடறதில்லன்னு அர்த்தம் இல்ல. விடியறதுக்கு முன்னாடியே ஈசிஆர் ஓரமா பத்துப் பதினைஞ்சு பசங்க ஓடுவாங்க. போலீஸ் உடல்திறன் தேர்வுல ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடியில முடிக்கணும். செலக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் ரோடு காலி. தேர்வானவனுக்கு இனி ஓடத் தேவையில்ல, ஆகாதவனுக்கு ஓட மனசில்ல. நல்லா ஓடிட்டு இருந்த கால்கள் அப்படியே நின்னுடும்.

இதுக்கு வேற ஒரு வழி இருக்குன்னு எனக்குக் காட்டினது சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற என் மாமா பையன். சனிக்கிழமை லீவு கிடைக்கிறப்போ ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல நடக்கிற 'பார்க்ரன்'னு ஒரு ஓட்டத்துக்குப் போவான். 5 கிலோமீட்டர், காசு கிடையாது. அன்னைக்கே ரிசல்ட் வந்துடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவான். நூத்திச் சொச்சமாவது இடம், 34 நிமிஷம். அடுத்த தடவை 33 நிமிஷம் 40 விநாடி. "இருபது செகண்ட் கொறச்சிட்டேன்"னு வாய்ஸ் மெசேஜ் வேற. நூறு பேருக்குப் பின்னாடி வந்தவன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். அதுதான் என்னை யோசிக்க வச்சுது.

அந்த ஓட்டத்தோட கதை சின்னது. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் பக்கத்துல புஷி பார்க்ல ஆரம்பிச்சுது. காயம்பட்டு ஓட முடியாம இருந்த பால் சின்டன்-ஹெவிட் தன் நண்பர்களை வாரா வாரம் பார்க்கணும்னு ஏற்பாடு பண்ணினது. முதல் நாள் ஓடினவங்க 13 பேர், வேலை பார்த்த தன்னார்வலர்கள் 5 பேர். எத்தனையாவதா வந்தீங்கன்னு குறிக்க ஹார்டுவேர் கடையில கிடைக்கிற வாஷர்ல எண் குத்திக் கொடுத்தாங்க. இன்னைக்கு 20-க்கும் மேற்பட்ட நாடுகள்ல நடக்குது. சிங்கப்பூருக்கு 2014-ல வந்துச்சு.

இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது மூணு விஷயம்னு நான் நினைக்கிறேன். இலவசம். வாரா வாரம். எல்லாருக்கும் ரிசல்ட். இந்த மூணுல ஒண்ணை உருவினாலும் மீதி ரெண்டும் நிக்காது.

நம்ம பக்கம் இருக்கறதைப் பாருங்க. சென்னையில பெரிய மாரத்தான் நடக்குது. டைமிங் சிப், மெடல், டி-ஷர்ட் எல்லாம் உண்டு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் காசு கட்டி. 2023 நவம்பர்ல தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு 38 மாவட்டங்கள்லயும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் ஆரம்பிச்சுது. இலவசம், நல்ல விஷயம். ஆனா நீங்க போன மாசம் நடந்தீங்களா, இந்த மாசம் வரலையேன்னு கேக்க அங்க ஒரு பட்டியல் கிடையாது. காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே பத்தி சொல்லவே வேண்டாம். மூணு பேருக்குக் கப், மீதிப் பேருக்குக் கைதட்டற வேலை.

இவ்வளவு வியாக்கியானம் பேசற நான் என்ன பண்ணினேன்னு கேட்பீங்க. பண்ணினேன், கோட்டை விட்டேன்.

அதே லீவுல எங்க ஊர்ல ஒரு மைதானத்துல ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்கு ஓட்டம்னு வாட்ஸ்அப்ல போட்டேன். பத்து சுத்து, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். முதல் வாரம் 14 பேர் வந்தாங்க. பெரும்பாலும் தெருப் பசங்க, ரெண்டு போலீஸ் செலக்‌ஷன் அண்ணன்கள், என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி. நான் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு முதல் மூணு பேரோட டைமைக் குறிச்சேன். அவங்க போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டேன். செம ஃபீலிங்.

சாமான்களை எடுத்துட்டுக் கிளம்பறப்போ ஏழாவது படிக்கிற ஒரு பையன் பக்கத்துல வந்து நின்னான். அவன்தான் கடைசி. நாலு சுத்து ஓடி, ஆறு சுத்து நடந்து, ஆனா முழுசா முடிச்சவன்.

"அக்கா, என் டைம் என்ன?"

மூணாவது ஆள் வந்ததுமே நான் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்திட்டேன். "நல்லா ஓடின தம்பி"ன்னு சொன்னேன்.

"அது இல்லக்கா. டைம்."

அடுத்த வாரம் அவன் வரல. அந்த வாரம் 9 பேர். மூணாவது வாரம் 5 பேர். அதுல மூணு பேர் யாருன்னு நீங்களே சொல்லிடுவீங்க. நாலாவது வாரம் நானே போகல.

அப்போ ரொம்ப நாள் "நம்ம ஊர்ல யாருக்கும் ஆர்வம் இல்ல"ன்னு புலம்பிட்டு இருந்தேன். பொய். ஆர்வத்தோட வந்து நின்னவன்கிட்ட கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, அதான் உண்மை. "நல்லா ஓடின"ங்கறது ஆறுதல். 16 நிமிஷம் 20 விநாடிங்கறது தகவல். ஆறுதலை வச்சுக்கிட்டு அடுத்த வாரம் ஒண்ணும் பண்ண முடியாது. தகவல் இருந்தா 16 நிமிஷமாக்க முயற்சி பண்ணலாம். முதல் மூணு பேருக்கு அந்த டைம் ஒரு அலங்காரம்தான், அவங்களுக்குத் தாங்க வேகமானவங்கன்னு ஏற்கெனவே தெரியும். திரும்பி வர்றதுக்கு அந்த எண் நிஜமா தேவைப்படறது கடைசியா வந்தவனுக்கு.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு வெக்கமா இருக்க வேண்டிய விஷயம், எல்லார் டைமையும் எடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லங்கறது. முடிவுக் கோட்டுல ஒருத்தர் ஸ்டாப்வாட்ச்சோட நிப்பார். ஒவ்வொரு ஆள் கோட்டைத் தாண்டறப்பவும் ஒரு லேப் பட்டனை அழுத்துவார். யாருன்னு பார்க்க வேண்டாம், அழுத்தினா போதும். அடுத்து ஒருத்தர் வந்த வரிசைப்படி 1, 2, 3-ன்னு எண் போட்ட டோக்கன் கொடுப்பார். மூணாவது ஆள் அந்த டோக்கனையும் ஓடினவரோட பார்கோடையும் ஸ்கேன் பண்ணுவார். ஒரு பட்டியல்ல இடமும் நேரமும், இன்னொண்ணுல இடமும் ஆளும். இடத்தை வச்சு ரெண்டையும் சேர்த்தா முடிஞ்சது. டிபிஎம்எஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதின ஜாயின்தான் இது. ஸ்கேனர் இல்லேன்னா நோட்டும் பேனாவும் போதும். ஒரே ஒரு ஜாக்கிரதை: பட்டன் அழுத்தறவர் ஒரு ஆளை விட்டுட்டா அதுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் அடுத்தவரோட டைம் விழும். அதனால பேச்சு கொடுத்தா பதில் சொல்லாத ஆளைப் பார்த்து நிறுத்தணும்.

பார்க்ரன்ல இன்னொரு வேலையும் உண்டு. ஒரு தன்னார்வலர் வேணும்னே எல்லாருக்கும் பின்னாடி நடந்து வருவார். ஓட வந்த யாரும் கடைசி ஆளா ஆகவே முடியாது. இதைப் படிச்சப்போ அந்த ஏழாவது பையன் ஞாபகம்தான் வந்தது.

ரிசல்ட் போட்டா போட்டி வந்துடும், பொறாமை வந்துடும்னு சொல்றவங்களும் உண்டு. நம்ம மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் நடுவுலயே அந்தக் கட்சிக்கு நல்ல உதாரணம் இருக்கு. 2008-ல தொடங்கின ஆரோவில் மாரத்தான்ல நேரமும் முக்கியமில்ல, இடமும் முக்கியமில்ல, பரிசும் கிடையாது. ஓடற சந்தோஷத்துக்காக மட்டும் ஓடுங்கன்னு சொல்றாங்க. எனக்கு அந்த எண்ணத்து மேல மரியாதை உண்டு. ஆனா நேரம் முக்கியமில்லன்னு சொல்ல, முதல்ல யாராவது நம்ம நேரத்தை மதிச்சிருக்கணும். பிறந்ததுலேர்ந்து ரேங்க் ஷீட்டோட கீழ்ப்பாதியில இருந்த ஒருத்தனுக்கு ரிசல்ட்டே வேண்டாம்னு நாம முடிவு பண்றது பெருந்தன்மையா? அவனுக்கு வேண்டாதது அடுத்தவனோட ஒப்பீடு. அவனோட சொந்த எண் அவனுக்கு வேணும்.

இந்த வித்தியாசம் பார்க்ரனுக்கும் லேட்டாத்தான் புரிஞ்சுது போல. 2024 பிப்ரவரியில பாதை சாதனைகள், அதிக தடவை முதலாவதா வந்தவங்க மாதிரியான பட்டியல்களை இணையதளத்திலிருந்து எடுத்துட்டாங்க. புதுசா வர்றவங்களை அது தயங்க வைக்குதுன்னு காரணம் சொன்னாங்க. நிறைய பேர் கோபப்பட்டாங்க. ஆனா ஒவ்வொருத்தரோட நேரத்தையும் வாரா வாரம் போடறதை நிறுத்தல. 25, 50, 100-ன்னு அவங்க கொண்டாடற மைல்கல்லும் வேகத்துக்கு இல்ல, எத்தனை வாரம் வந்தீங்கங்கறதுக்கு. நீங்க சொத்தையா ஓடினாலும் ஐம்பதாவது வாரம் ஐம்பதாவது வாரம்தான்.

பொண்ணுங்க பேரு, டைம் எல்லாம் பொதுவுல போடறது எங்க ஊருக்குச் சரிப்படுமான்னு என் ஃப்ரெண்ட் கேட்டா. நியாயமான கேள்வி. பேருக்குப் பதில் ஒரு எண் கொடுத்துட்டா போச்சு. தனியா ஈசிஆர்ல ஓடறதைவிட முப்பது பேரோட ஒரு மைதானத்துல ஓடறது எனக்குப் பாதுகாப்பு. லாரி இல்ல, பைக்ல வந்து கமென்ட் அடிக்கிறவன் இல்ல, "எஸ்.ஐ. பரீட்சையா"வும் இல்ல.

ஒரு கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. எதிர்வீட்டு அக்கா உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி, வெயில் ஏற்றதுக்குள்ள பாத்தியிலேர்ந்து குவியலுக்கு உப்பைத் தலையில சுமந்து நடக்கறவங்க. நான் மைதானத்துக்குக் கூப்பிட்டப்போ சிரிச்சிட்டு, "நான் நடக்கறதை யாராவது டைம் எடுத்தா சொல்லு, நானும் வரேன்"னாங்க. உடம்பு வலிக்க நடக்கறது ஒருத்தருக்குப் பொழப்பு, இன்னொருத்தருக்கு சண்டே. அதை மறைச்சு இந்த ஓட்டம் எல்லாருக்கும்னு நான் சொன்னா அது பொய். ஆனா அவங்க பையன் அந்த 14 பேர்ல ஒருத்தன். குப்பத்துப் பசங்க, காலனிப் பசங்க, ஊர்ப் பசங்க மூணு பேரும் ஒரே கோட்டுல நின்னதை நான் அந்த மைதானத்துல அன்னைக்குத்தான் பார்த்தேன். டோக்கன் கொடுக்கறவருக்கு எந்தத் தெருன்னு தெரியத் தேவையில்ல. 7-க்கு அடுத்து 8, அவ்வளவுதான். அந்த வரிசைக்காகவாவது இது நடக்கணும்.

இங்க நம்ம காலேஜ்ல ஒரு பெரிய கிரவுண்ட் இருக்கு. காலை 6 மணிக்கு அதுல இருக்கறது வாக்கிங் போற ரெண்டு புரொபசரும் நாலு நாயும். எனக்கு வேண்டியது ஆறு பேர். ஸ்டாப்வாட்ச்சுக்கு ஒருத்தர், டோக்கனுக்கு ஒருத்தர், ஸ்கேன் பண்ண ஒருத்தர், தண்ணி கேன் தூக்க ரெண்டு பேர், கடைசியில நடந்து வர ஒருத்தர். ஸ்பான்சர் வேண்டாம், பேனர் வேண்டாம், சீஃப் கெஸ்ட் வேண்டவே வேண்டாம். பேரு என்னவா இருந்தா என்ன. சனிக்கிழமை காலையில நடந்தா போதும், மழை பெஞ்சாலும், இன்டர்னல்ஸ் வந்தாலும், மூணே பேர் வந்தாலும். எனக்கு இங்க இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு. ஜூனியர்ஸ் யாராவது கையில எடுத்துக்கிட்டாத்தான் இது தொடரும்.

கடைசியில நடந்து வர்ற வேலை மட்டும் முதல் வாரம் எனக்கு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறப்போ அந்தப் பையனைத் தேடிப் பிடிக்கணும். மறுபடியும் பத்து சுத்து. இந்தத் தடவை அவன் கோட்டைத் தாண்டற வரைக்கும் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மாட்டேன்.