குறிலுக்கு ரெண்டு கட்டம், நெடிலுக்கு ஒண்ணாம்!

போன ஞாயித்துக்கிழமை மாரத்தஹள்ளி வீட்டுல ஒரு சின்னப் பஞ்சாயத்து. எட்டாவது படிக்கிற மகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன். ஊர்ல இருக்கற சொந்தங்களையும் அவங்க வயசையும் ரெண்டு பத்தியா டெர்மினல்ல காட்டணும், அவ்வளவுதான் நிரல். மாமா வயசு சரியா நின்னுது. அத்தை வயசு ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்துடுச்சு. சித்தப்பாவோடது ரெண்டு கட்டம். "விடுப்பா, இங்கிலீஷ்லயே எழுதிக்கறேன்"னுட்டா. அங்கதான் எனக்குச் சுர்ருனு ஏறுச்சு.

விஷயம் இதுதான். 'தமிழ்' எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மூணுன்னு சொல்லும். பைத்தான் அஞ்சுங்குது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்த அஞ்சை நம்பித்தான் அது இடைவெளி விடுது. டெர்மினலோ புள்ளிக்கு இடமில்லைன்னு நாலு கட்டம்தான் ஒதுக்குது. புள்ளி வச்ச பேரெல்லாம் உள்ள போனது இதனாலதான். கூத்து இன்னும் இருக்கு. யூனிகோடு இகரக் குறியை இடம் பிடிக்கற வகையிலயும் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத வகையிலயும் வச்சிருக்கு. அதனால பல டெர்மினல்கள்ல 'கி'க்கு ரெண்டு கட்டம், 'கீ'க்கு ஒரே கட்டம். தொல்காப்பியர் கணக்கு அப்படியே தலைகீழ் :-)

உடனே "யூனிகோடே சதி, டேஸ்16 வந்தா எல்லாம் சரியாயிடும்"னு நம்மாளுங்க கிளம்பிடுவாங்க. உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கற அந்த முறையை 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து ஏத்துக்கிச்சு. எனக்கு இதுல உடன்பாடில்லை. ஸ்விஃப்ட் மொழி இதே யூனிகோடை வச்சுத்தான் 'தமிழ்'னா மூணுன்னு சரியா எண்ணுது. மனசு வச்சா முடியுது இல்லையா? தவிர, 'கௌ'வுக்கு ஒத்தை எண் கொடுத்துட்டா மட்டும் அது 'ட' நிக்கற கட்டத்துல அடங்கிடுமா?

கோளாறு கட்டத்துல இருக்கு. வரிக்கு 80 எழுத்து, எல்லாம் ஒரே அகலம்னு 1978ல வந்த விடி100 காலத்து ஏற்பாடு. சீன, ஜப்பானிய எழுத்து அதுல அடங்கலைன்னதும் ரெண்டு கட்டம் கொடுத்தாங்க. அவங்க மொழியை யாரும் "சிக்கலான எழுத்து"ன்னு ஒதுக்கலை. நமக்கு மட்டும் அந்தப் பட்டம். பக்கத்து சீட் கன்னடக்காரருக்கும் இதே கதி, ஒத்தெழுத்துத் தொல்லை வேற.

சரி, யாரைக் குத்தம் சொல்ல? பெங்களூர்ல டெர்மினலே கதின்னு கிடக்கற தமிழனுங்க கொஞ்சமா நஞ்சமா? நானும் பதினெட்டு வருஷமா அதுலதான் சோறு திங்கறேன். ஒரு நாள் அதுல தமிழ் அடிச்சுப் பார்த்ததில்லை, ஒரு வழு பதிஞ்சதில்லை. மொழி அழியுதுன்னு வாட்சப்புல அழ மட்டும் நேரம் இருந்துச்சு.

ராத்திரி ரெண்டு பேருமா உக்காந்து ஓப்பன்-தமிழ் நிரலகத்தைப் போட்டோம். எழுத்தை மூணுன்னு ஒழுங்கா எண்ணிக் கொடுத்துடுச்சு. ஆனா கட்டம் டெர்மினல் கையில ஆச்சே. அதை எழுதறவங்களுக்கு ஒரு புகார் அனுப்பினோம். இங்கிலீஷ் வாசகம் மகளோடது. பட்டியலையும் படமா இணைச்சிருக்கா. சித்தப்பா வயசு இன்னும் ரெண்டு கட்டம் உள்ளதான் நிக்குது.